கார்டுக்கு அந்தப் பக்கம்

மழை விட்டும் தூறல் விடாத ஒரு பிற்பகலில் பால்காரரும் அவருடைய மகளும் அந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர் எல்லையில், லாரிகள் திரும்பும் வளைவை ஒட்டி, தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை அது. மோதலைத் தாங்க வண்டிகளின் முன்பக்கத்தில் மாட்டும் பம்பர் கார்டுகள் சுவர் முழுக்கத் தொங்கின. வெள்ளி மாதிரி மின்னுபவை, கறுப்புப் பெயின்ட் அடித்தவை, நடுவில் வளையம் வைத்தவை, கனமான தகடு பதித்தவை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க, வண்டிகளின் முகங்களை மட்டும் உரித்து மாட்டியதுபோல இருந்தது.

மகள்தான் பிக்கப்பை ஓட்டிவந்தாள். பட்டறைக்குள் ஏற்றி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்கப்பா. வந்தது வந்துட்டோம்."

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டறைக்காரர் வந்தார். வாய் ஓயாத மனிதர்.

"வாங்க வாங்க. கார்டு யாருக்குங்க? வண்டிக்கா, ஓட்டறவங்களுக்கா? வண்டிக்குன்னா பளபளன்னு ஒண்ணு இருக்கு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆக்கி அனுப்பிடுவேன்."

"ஓட்டறவங்களுக்கு," என்றார் பால்காரர்.

பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். பானட் புதிது. அதன் வெள்ளை, கதவுகளின் வெள்ளையோடு ஒட்டவில்லை. ஹெட்லைட் இரண்டும் புதிது. குனிந்து கீழே பார்த்தவர், அடிச்சட்டமான சேஸிஸின் நுனியை நிமிர்த்திய தடத்தைக் கண்டதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

"பலத்த அடி போல."

"ஆமா."

"யாரு ஓட்டினது?"

"எங்க அண்ணன்," என்றாள் மகள். மேலே அவர் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் நடந்தது அது. காட்டுச் சாலையின் பெரிய வளைவில், விடிந்தும் விடியாத பனிமூட்டத்தில், பால் கேன்களோடு போன வண்டி சாலையை விட்டு இறங்கி ஒரு பெரிய மரத்தில் போய் முட்டியது. கூடிய ஆட்கள் மூத்த மகனை, பெரியவனை, இரண்டு மணி நேரம் போராடித்தான் வெளியே எடுத்தார்கள். மான் குறுக்கே பாய்ந்திருக்கும் என்றார்கள் சிலர். தூங்கிவிட்டான் என்றார்கள் சிலர். வேறு சிலர், இழுத்துப் பேசி, முந்தின ராத்திரி அவன் யாரோடு இருந்தான், என்ன குடித்தான் என்றுகூட விசாரித்தார்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லை. பால்காரர் மானையே பிடித்துக்கொண்டார். மானின் மேல் கோபப்படலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அவர் கண்களில் திரை விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் வண்டியைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். தையல் கடையில் வேலை பார்த்த மகள், "நான் ஓட்டறேன். அண்ணன்தானே கத்துக்கொடுத்தான்," என்று ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டாள். அவர் போட்ட ஒரே நிபந்தனை இந்தக் கார்டுதான்.

பட்டறைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். பளபளக்கும் குழாயைத் தட்டி, "இது அழகுக்கு. நாய் முட்டினாலே நெளிஞ்சிடும்," என்றார். நடுத்தரமான ஒன்றைக் காட்டி, "இது போதும். ரேடியேட்டருக்குக் காத்து போகும், லைட்டை மறைக்காது, முன்பக்கம் பாரம் ஏறாது," என்றார்.

பால்காரரின் கண் மூலையில் சாய்த்திருந்த ஒன்றின் மேல் நின்றது. தொடைப் பருமனில் கறுப்புக் குழாய். கீழே கெட்டித் தகடு.

"அது?"

"அது மரம் ஏத்துற லாரிக்காரங்க கேப்பாங்க. விக்க மாட்டேன்னு சொல்லலை. யோசிச்சுக்கங்கன்னு சொல்றேன்." அவர் வண்டியின் மூக்கைத் தட்டினார். "இந்தத் தகரம் நசுங்குறது எதுக்குன்னு நினைக்கிறீங்க? மோதுற வேகத்தைத் தான் வாங்கிக்கிட்டு, உள்ள இருக்கறவன்கிட்ட விடாம தடுக்கத்தான். அந்தக் கார்டு நசுங்காது. வேகம் அப்படியே உள்ள வரும்."

"நசுங்கக் கூடாது."

"அப்புறம் இன்னொண்ணு. முன்னாடி மனுஷன் யாராச்சும் மாட்டினா வெறும் பம்பர்ல கால் ஒடிஞ்சாலும் பொழைச்சுக்குவான். இதுல மாட்டினா…"

"அந்த ரோட்டுல ஆள் நடமாட்டமே கிடையாது. மான்தான் வரும்." பால்காரர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "அய்யா, அந்த வண்டி காகிதம் மாதிரி மடிஞ்சு கிடந்ததை நான் நின்னு பாத்தவன். ஸ்டீயரிங் அவன் நெஞ்சுல இருந்துச்சு. நசுங்காததா ஒண்ணு குடுங்க. வேற எதுவும் எங்கிட்ட சொல்லாதீங்க."

பட்டறைக்காரர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

பழைய பம்பரை இறக்கி, சேஸிஸின் இரு நுனியிலும் கெட்டிப் பட்டைகளை வைத்து முடுக்கினார். கார்டைச் சக்கரம் வைத்த ஜாக்கியில் ஏற்றி வண்டியை நோக்கித் தள்ளினார். துளைக்கு நேராகத் துளை வந்தது. போல்ட்டை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தபோது ஜாக்கி ஒரு முழம் பின்னால் நகர்ந்து நின்றது.

"தரை சரிவா இருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மறுபடி தள்ளினார். மறுபடி அது விலகியது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். கட்டையைத் தேய்த்துக்கொண்டு மெல்ல, மிக மெல்ல, கார்டு வண்டியை விட்டுப் பின்வாங்கியது.

"என்னங்க இது. வண்டிக்கும் கார்டுக்கும் நடுவுல ஆள் நின்னு தள்ளற மாதிரி இருக்கு."

அவர் சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. எரிந்த இரும்பும் பெயின்ட்டும் மட்டுமே நாறிக்கொண்டிருந்த இடத்தில், நசுங்கிய பச்சை இலையின் வாசம். அடிபட்டு உரிந்த ஈர மரப்பட்டையின் வாசம்.

பால்காரருக்கு அந்த வாசத்தைத் தெரியும். அந்த மரத்தின் கீழே அதை முகர்ந்துகொண்டுதான் அவர் இரண்டு மணி நேரம் நின்றிருந்தார்.

அவர் எழுந்து போய்த் தன் தோளைக் கார்டின் மேல் வைத்து முட்டுக்கொடுத்தார். "போடுங்க," என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த எதிர்ப்பு அவர் தோளில் தெரிந்தது. பிறகு, சட்டென்று, மனம் விட்டுப்போனதுபோல அது தளர்ந்தது. போல்ட்டுகள் உள்ளே போயின.

புறப்படும்போது பட்டறைக்காரர் வாசல்வரை கூடவே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒண்ணுமில்லை. பாத்துப் போங்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் பால்காரரின் மனைவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கார்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தாள். ஒரு வருடமாக அவள் அந்த வண்டிக்குப் பக்கத்தில் வந்ததில்லை.

"இது அன்னைக்கே இருந்திருந்தா," என்றாள். மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடிந்து, பால்காரர் கொட்டகைக் கதவைத் திறந்தார்.

கார்டு தரையில் கிடந்தது.

விழுந்த மாதிரி இல்லை. ஒரு கீறல் இல்லாமல், குழந்தையைப் படுக்கவைத்ததுபோல, பழைய சாக்கின் மேல் கிடத்தியிருந்தது. போல்ட்டுகள் பானட்டின் மேல் ஒரு துணியில் வரிசையாக இருந்தன. பெரியது முதலில், அதைவிடச் சிறியது அடுத்து, வாஷர்கள் கடைசியில்.

அவர் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டியில் எதைக் கழற்றினாலும் பெரியவன் இப்படித்தான் அடுக்குவான். "கழட்டறது பெரிசில்லப்பா, திருப்பி மாட்டணும்ல," என்பான்.

அவர் நேரே சமையலறைக்குப் போனார்.

"ஏ… உனக்கு ஏன் இந்த வேலை? வேண்டாம்னா வாயால சொல்லலாம்ல?"

மனைவி அடுப்பிலிருந்து திரும்பினாள். "எந்த வேலை?"

"கார்டைக் கழட்டி வச்சிருக்கியே."

"எனக்கு ஸ்பானர் எது, இடுக்கி எதுன்னே தெரியாது. நான் எதுக்குங்க கழட்டணும்? ஒண்ணைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். இன்னொண்ணை அந்த வண்டியிலதான் அனுப்பப் போறேன். கழட்டுவேனா?"

சத்தம் கேட்டு வந்த மகள் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணனுக்குப் பிடிக்கலை போலப்பா," என்றாள், ஏறக்குறைய காதில் சொல்வதுபோல.

"செத்தவனுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது," என்று அவர் சீறினார். சொன்ன பிறகுதான் மனைவி பக்கத்தில் நிற்பது உறைத்தது. அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். அன்றே அவர் மகளோடு வண்டியையும் கார்டையும் மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோனார்.

பட்டறைக்காரர் இந்த முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கார்டை மாட்டி, ஒவ்வொரு நட்டின் தலையிலும் வெல்டிங் வைத்தார். "இனிமே கட்டர் போட்டு அறுத்தாத்தான் உண்டு," என்றார்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாரமான எதையோ பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளும்போது தொண்டையிலிருந்து வருமே, அந்த மாதிரி ஒரு முனகல். நின்றது. மறுபடி வந்தது.

பால்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

உள்ளே வண்டி நின்றது. கைப்பிரேக் போட்டபடி இருந்தது. சிமென்ட் தரையில் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் கறுப்பாகத் தேய்ந்த தடம் இருந்தது. சுற்றாமல், இழுபட்டே வண்டி பின்னால் போயிருக்கிறது.

"யாரு?"

தூறல் தகரத்தில் விழும் சத்தம் மட்டும்.

அவர் டார்ச்சைக் கார்டின் மேல் அடித்தார். அங்கே யாரும் இல்லை. ஆனால் வெளிச்சம் வட்டமாகத் தரைக்குப் போகாமல், எதிலோ பட்டு, பாதியில் மங்கியது.

அவர் குரல் தானாகவே இறங்கிப்போனது.

"டேய்… நீயாடா?"

வண்டி அசைந்தது. தரையைச் சுரண்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பின்னால் போய், பின்கதவு சுவரில் இடித்து நின்றது.

அவருக்கு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. கையை நீட்டி அவனைத் தொட வேண்டும் என்றுதான் தோன்றியது. நீட்டினார். இரும்பின் குளிர்ச்சிதான் கையில் பட்டது.

"உன் தங்கச்சி ஓட்டப் போறாடா," என்றார். "அவளுக்காகத்தான் மாட்டியிருக்கேன். விட்டுடு சாமி."

முனகல் அடங்கியது. மனைவியிடமும் மகளிடமும் அவர் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பால் எடுக்க மகளின் முதல் ஓட்டம். அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். பண்ணைகளில் கேன்களை ஏற்றி முடிக்கவே தாமதமாகிவிட்டது. காட்டுச் சாலைக்குள் நுழைந்தபோது பொழுது நன்றாகப் புலர்ந்திருந்தும் பனி விலகவில்லை. இரண்டு பக்க மரங்களும் வெறும் நிழல். கேன்கள் பின்னால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. மகள் ஊர்ந்துகொண்டு போனாள்.

"கொஞ்சம் அழுத்தும்மா. பால் கெட்டுடும்."

"ஒண்ணுமே தெரியலைப்பா."

"தெரியாட்டி என்ன. கார்டு இருக்குல்ல. எது வந்தாலும் அதுதான் வாங்கிக்கும். பயப்படாமப் போ."

அவள் அழுத்தினாள். இருக்கையின் கீழே இயந்திரம் உறுமியது. பெரிய வளைவு வந்தது. அவர் அந்த மரத்தைப் பார்க்கக் கூடாது என்று மடியைப் பார்த்துக்கொண்டார்.

பச்சை இலை வாசம் வண்டிக்குள் நிறைந்தது.

"அப்பா."

"என்ன?"

"வண்டி போக மாட்டேங்குது."

அவள் கால் ஆக்ஸிலரேட்டரில் முழுக்க அழுந்தியிருந்தது. இயந்திரம் கதறியது. பின்சக்கரங்கள் ஈரத் தாரில் சறுக்கிச் சுழன்றன. முன்னால், இரும்பு நெரியும் சத்தம் நீளமாகக் கேட்டது.

"நான் பிரேக் போடலைப்பா."

வண்டி முழுவதும் குலுங்கி, இயந்திரம் அடங்கி, நின்றது.

அமைதி.

பனி ஒரு திரையைப்போல மெல்ல விலகியது. கார்டுக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

மகள் ஸ்டீயரிங்கின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பால்காரர் கதவைத் திறந்து தடுமாறி இறங்கினார். அந்தப் பெண் அசையவில்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை. கார்டையும், அதற்கு முன்னால் காலியாக இருந்த சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடி ஏதாச்சும் பட்டுச்சாம்மா?"

"இல்லைங்க." அவள் சுற்றிலும் தேடினாள். "அவரு எங்க போனாரு?"

"யாரு?"

"எனக்கு முதுகைக் காட்டிட்டு நின்னாரே. ரெண்டு கையாலயும் வண்டியைப் பிடிச்சுத் தள்ளிட்டு… இங்கதான் நின்னாரு. இப்பத்தான்."

பால்காரர் கார்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் அப்போதுதான் வண்டியை முழுதாகப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது அந்த வண்டியா?" என்றாள்.

மகளும் இறங்கி வந்தாள். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அந்தப் பெண் சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவள். போன மழைக்காலத்தில் நிறைமாதமாக இருந்தாள். விடிகாலையில் வலி மாதிரி இருக்கவே, புருஷன் ஊரில் இல்லாததால், ஆஸ்பத்திரிக்கு நடந்தே கிளம்பியிருக்கிறாள். இந்த வளைவில் பனிக்குள்ளிருந்து வெளிச்சம் பாய்ந்து வந்தது. அவளால் ஓட முடியவில்லை.

"என்னைப் பாத்ததும் ஸ்டீயரிங்கை ஒடிச்சாருங்க. ஒரே ஒடியா ஒடிச்சு மரத்துல விட்டாரு. நேரா வந்திருந்தா அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எனக்குத்தான்…" அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "பக்கத்துல போனேன். உள்ள மாட்டிக்கிட்டு இருந்தாரு. கண்ணு முழிச்சுத்தான் இருந்துச்சு. 'உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா'ன்னு கேட்டாரு."

"கேட்டானா?" என்றார் பால்காரர்.

"கேட்டாருங்க. இல்லை தம்பின்னேன். சரின்னு தலையை ஆட்டினாரு. ஆள் கூட்டிட்டு வரேன்னு ஓடினேன். பாதி வழியிலயே வலி பிடிச்சு விழுந்துட்டேன். ஒரு டிராக்டர்க்காரர் தூக்கிட்டுப் போனாரு. அன்னைக்குத்தான் இவ பொறந்தா. அப்புறம் வெளியில சொல்லணும்னு எவ்வளவோ கெஞ்சினேன். போலீஸ், கேசுன்னு வீட்டுல விடலை. பொழைச்சிருப்பாருன்னுதான் நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிட்டா மனசு தாங்குதுல்ல." அவள் தயங்கினாள். "பொழைச்சுட்டாரா?"

மகள் மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்தது. குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். தடுப்பூசிக்குப் போய்க்கொண்டிருந்தாள் அவள். குழந்தைக்கு எதுவும் தெரியவில்லை. அது கார்டைப் பார்த்துக் கையைத் தட்டியது.

அப்போதுதான் மகள் பார்த்தாள். தொடைப் பருமன் குழாயில், நடுவில், இரண்டு பள்ளங்கள். களிமண்ணில் அழுத்தியதுபோல, விரல் விரலாக.

தாயையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, பால்காரர் மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கொட்டகையில் நடந்ததையும் மறைக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ எம் புள்ளை தூங்கலை," என்றாள்.

"இல்லை."

"குடிக்கலை."

"இல்லைம்மா," என்றாள் மகள்.

"கண்ணைத் திறந்துட்டுத்தான் போனான்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு வருடமாக அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதாள். பால்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வண்டி பட்டறைக்குப் போனது. இந்தமுறை மனைவியும் கூட வந்தாள். பட்டறைக்காரர் பள்ளங்களைத் தடவிப் பார்த்தார். "காய்ச்சாம இந்தக் குழாயை வளைக்கவே முடியாது," என்றார். "என்கிட்ட இருக்கற மிஷினுக்கே முடியாது." தன் கையை அதில் வைத்துப் பார்க்க நீட்டியவர், அவள் நிற்பதைக் கண்டு விலகிக்கொண்டார்.

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பள்ளங்களில் வைத்தாள். அவள் கை சின்னது. அதற்குள் அடங்கிப்போனது.

"சூடா இருக்குங்க," என்றாள் கணவரிடம், மெதுவாக.

கட்டர் போட்டு அறுத்து எடுத்தார்கள். இந்தமுறை எதுவும் எதிர்க்கவில்லை. பழைய சாதாரண பம்பரே திரும்ப ஏறியது. கார்டுக்குப் பதிலாக மஞ்சள் வெளிச்சம் தரும் பனி விளக்குகள் இரண்டைக் கீழே பொருத்தினார் பட்டறைக்காரர். "இது முன்னாடி இருக்கறதைக் காட்டும். அது போதும்," என்றார். கார்டை அவள் இரும்புக் கடைக்குப் போட விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரியவன் படுக்கும் அறையில் சுவரோரமாகச் சாய்த்துவைத்தாள்.

அதற்குப் பிறகு கொட்டகையில் சத்தம் வரவில்லை. மகள் தினமும் தனியாகப் போய்வந்தாள். அந்தப் பெண்ணும் ஒருநாள் வீடு தேடி வந்து, குழந்தையைப் பால்காரர் மனைவியின் மடியில் விட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம்வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள் அவள். எல்லாம் அடங்கிவிட்டது, அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றுதான் பால்காரர் நினைத்தார். அந்த நினைப்பு நிம்மதியைத் தரவில்லை. வீடு இன்னும் கொஞ்சம் காலியானதுபோல இருந்தது.

பனி மறுபடி கெட்டியாக இறங்கிய ஒரு காலையில், மகள் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தாள். காலி கேன்களை இறக்காமல் நேரே உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா லேட்டு?"

"கை நீட்டினா கை தெரியாத பனிப்பா. விளக்குப் போட்டும் பிரயோஜனம் இல்லை. நல்லவேளை, முன்னாடி ஒருத்தர் போனாரு. அவர் பின்னாடியே வந்துட்டேன்."

"வண்டியா?"

"இல்லை. நடந்து."

பால்காரர் நிமிர்ந்து பார்த்தார். மகள் கையைப் பிசைந்துகொண்டாள்.

"காடு தொடங்குற இடத்துல இருந்து முடியற வரைக்கும் விளக்கு வெளிச்சத்துல முதுகு மட்டும் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அவசரமே இல்லாம நடந்தாரு. நான் வேகமா போனாலும் அதே தூரம், மெதுவா போனாலும் அதே தூரம். வளைவுல மட்டும் கொஞ்சம் நின்னுட்டுப் போனாரு. திரும்பியே பாக்கலை."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

மனைவி மகளின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"கால்ல செருப்பு இருந்துச்சாடி?"

மகள் யோசித்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இல்லைம்மா. வெறுங்காலு."

"ஈரத் தரை," என்றாள் அவள். அன்று பகலில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்தாள். அளவு கேட்ட கடைக்காரரிடம் தயங்காமல் சொன்னாள். மறுநாள் காலை மகள் அதை வளைவில், அந்த மரத்தின் அடியில் வைத்துவிட்டு வந்தாள். திரும்பும்போது அது அங்கே இல்லை. அந்த வழியில் போன யாராவது எடுத்திருக்கலாம் என்றார் பால்காரர். இருக்கலாம் என்று மற்ற இருவரும் சொன்னார்கள்.

அதற்கடுத்து பனி விழுந்த நாளில், மனைவி விடியற்காலையிலிருந்தே வாசலில் நின்றிருந்தாள். வண்டி வந்து நின்று, இயந்திரம் அணைந்ததும் மகள் இறங்கினாள். அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நடக்கற சத்தம் கேட்டுச்சும்மா," என்றாள்.